பெயர்த் தோம்பைக் காப்பவர் யார்?

கடிதம் ஒன்று சேரவேண்டிய இடத்தைச் சேர்வதற்கு விலாசம் வேண்டும். விலாசத்தை எழுதினால் மட்டும் போதாது. அதிற் குறித்த ஊர் எது, தெரு எது என்பதைத் தபாற் கந்தோரில் இருப்பவர் ஐயமின்றி அறிந்திருக்கவும் வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே இலக்கமும் கொண்ட வீடுகள் இரண்டு இருந்து, அவற்றைப் பிரித்தறிய வழியும் இல்லையாயின், எழுதியவரின் கவனமும் கொண்டுசெல்பவரின் நேர்மையும் ஒருங்கே வீணாகும். உலகமெங்கும் பரந்து கிடக்கும் இணையத்துக்கும் இதே நியதிதான். கடலடியிலே கிடக்கும் வடங்களும், நகரந்தோறும் நிறுத்தப்பட்ட கோபுரங்களும் எத்துணை பெரியனவாயினும், ஒரு பெயர் ஓரிடத்தையே குறிக்கும் என்ற உறுதி இல்லாவிடின் அவற்றால் விளையும் பயன் சிறிது.

அந்த உறுதியைத் தருபவர் யார்? எந்த அதிகாரத்தால் தருகிறார்? அவர் தவறினால் அவரைக் கேட்பவர் யார்? இக்கேள்விகள் பொறியியலாளருக்கு மட்டும் உரியன என்று எண்ணுவது பிழையாகும். வங்கிக் கணக்கைப் பார்க்கும் ஓய்வூதியக்காரரும், பரீட்சைப் பெறுபேற்றைத் தேடும் மாணவியும், தூர தேசத்திலுள்ள பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியிற் காணும் தாயும் நாள்தோறும் இந்த உறுதியை நம்பியே காரியம் ஆற்றுகின்றனர். நம்புகிறோம் என்பதையும் அவர்கள் அறியார். நன்றாக நடைபெறும் காவலின் இலக்கணமே அதுதான்.

இணையத்திலே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் எண் உண்டு. இயந்திரங்கள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. மனிதர்க்கோ நீண்ட எண்களை நினைவில் வைத்தல் இயலாது, பெயரே எளிது. ஆகவே மனிதர் பெயரைக் கூற, இயந்திரம் அதனை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. இம்மாற்றத்தைச் செய்வதே ஆள்களப் பெயர் முறைமை எனப்படும். ஒரு பெயரைத் தட்டியதும் முதலில் எழும் வினா, அப்பெயரின் கடைசிப் பகுதியைப் பற்றியது. அது டொட் எல்கே என்று முடிந்தால், ‘எல்கே பெயர்களின் ஏடு யாரிடம் இருக்கிறது?’ என்று மூல வழங்கி ஒன்றிடம் கேட்கப்படும். அது வழிகாட்டும். அங்கே சென்று அடுத்த பகுதி விசாரிக்கப்படும். இவ்வாறு படிப்படியாக இறங்கி, கண்மூடித் திறக்குமுன் உரிய எண் கைக்கு வந்துவிடும்.

இவ்வழிகாட்டி இல்லாதபோது நேர்வது என்ன என்பதை 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி உலகம் கண்டது. அன்று பேஸ்புக் கொம்பனியில் பராமரிப்பு வேலையின்போது இட்ட கட்டளை ஒன்று பிழைத்து, அதன் உள் வலையமைப்பைத் துண்டித்தது. அதன் விளைவாக, அக்கொம்பனியின் பெயர்களுக்கு விடைசொல்லும் வழங்கிகள் உலகின் பார்வையிலிருந்து விலகிக்கொண்டன. ஏறக்குறைய 6 மணி நேரம் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் மறைந்தன. கட்டடங்கள் இருந்தன, இயந்திரங்கள் இருந்தன, கோடிக்கணக்கானோரின் செய்திகளும் படங்களும் பத்திரமாக இருந்தன. அவ்விடத்துக்குச் செல்லும் வழியைச் சொல்வார் மட்டும் இல்லை. ஒரு கொம்பனியின் பெயர்கள் மறைந்தபோதே இத்துணை இடர் என்றால், எல்லாப் பெயர்களுக்கும் மேலாக உள்ள மூல ஏடு பழுதுபட்டால் என்னாகும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் யாழ்ப்பாணத்துக் காணிகளையும் அவற்றின் உடையோரையும் எழுதிவைத்த ஏட்டைத் தோம்பு என்றனர். தோம்பை எழுதுபவன் ஒரு பரப்புக் காணிக்கும் சொந்தக்காரன் அல்லன். எனினும் அவன் எழுதுகோலின் ஓர் இழுப்பு ஒரு குடும்பத்தை வாழவைக்கவும் கூடும், நடுத்தெருவில் நிறுத்தவும் கூடும். இணையத்தின் மூல ஏடும் அத்தகைய ஒரு தோம்பே. அளவிலே அது மிகச் சிறியது. டொட் கொம், டொட் ஓர்க், டொட் எல்கே என இறுதிப் பெயர்கள் ஏறக்குறைய 1400ம், அவ்வப் பெயரின் பொறுப்பாளர் யார், வழங்கிகள் எவை என்பனவுமே அதில் உள்ளன. ஒரு சாதாரணக் கணினியின் மூலையிலே அது அடங்கிவிடும். ஆயினும் உலக வர்த்தகத்தின் பெரும்பகுதி அச்சிறிய ஏட்டின்மீது நிற்கிறது.

இந்த ஏட்டின் பூர்வீகம் எளிமையானது. 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவு அமைத்த ஆர்பாநெற் என்னும் வலையமைப்பிலே முதலில் இணைந்தவை 4 நிலையங்களே. பெயர்கள் சிலவாக இருந்தபோது, அவற்றை ஒரே பட்டியலில் எழுதி வைத்துக்கொள்வது போதுமானதாயிற்று. கலிபோர்னியாவிலே எலிசபெத் பெயின்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் நிலையம் அப்பட்டியலைப் பேணிவந்தது. புதிய கணினியை இணைப்போர் அந்நிலையத்துக்கு அறிவிப்பர். நிலையம் பட்டியலைத் திருத்தும். ஏனையோர் அதனைப் பிரதிபண்ணிக்கொள்வர். சிற்றூரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருப்பது போன்ற காலம் அது.

ஊர் பெருகியது. பட்டியல் நீண்டது, பிரதிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அந்நிலையில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்த போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் 1983இல் புதிய முறைமை ஒன்றை வகுத்தார். ஒரு பட்டியலை ஒருவரே வைத்திருப்பதை விடுத்து, ஒரு மரத்தின் வேரிலிருந்து கிளைகளும் கிளைகளிலிருந்து கொம்புகளும் பிரிவதுபோலப் பொறுப்பைப் பகிர்ந்தளிப்பதே அதன் தத்துவம். வேரைக் காப்பவர் கிளைகளின் பெயரை அறிந்தாற் போதும், இலைகளை எண்ணவேண்டியதில்லை. அன்று சில நூறு கணினிகளுக்கென வகுக்கப்பட்ட இம்முறைமையே இன்று பல கோடி கணினிகளுக்கும் பணிபுரிகிறது. அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

அந்நிறுவனத்திலேயே ஜோன் பொஸ்டல் என்னும் விஞ்ஞானியும் பணியாற்றினார். நீண்ட தாடியும் காலிற் செருப்புமாகக் காட்சியளித்த இவரே எண்களையும் இறுதிப் பெயர்களையும் பல ஆண்டுகள் ஒதுக்கி வந்தவர். நாடுகளுக்குப் பெயர் கொடுக்கவேண்டிய நிலை எழுந்தபோது அவர் காட்டிய விவேகம் நினைவிற் கொள்ளத்தக்கது. எது நாடு, எது நாடன்று என்ற வழக்கைத் தாம் தீர்க்கப் புகவில்லை. சர்வதேசத் தர நிர்ணயத் தாபனம் முன்னரே வெளியிட்டிருந்த ஈரெழுத்துப் பட்டியலை அவர் எடுத்துக்கொண்டார். அதில் உள்ள பெயருக்கு இடம் உண்டு; இல்லாததற்கு இல்லை. எத்தனையோ யுத்தங்களுக்குக் காரணமான ஒரு கேள்வியை இவ்வாறு தம் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். அப்பட்டியலின்படியே இலங்கைக்கு எல்கே என்ற ஈரெழுத்து 1990இல் பதிவாயிற்று.

1994ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பொஸ்டல் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். நாட்டுப் பெயர்களைப் பொறுப்பேற்போர் அவற்றின் உடைமையாளர் ஆகார். தத்தம் நாட்டு மக்களுக்காகவும் உலக இணையச் சமூகத்துக்காகவும் அவற்றைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளரே ஆவர் என்பது அதன் சாரம். உரிமை பற்றிப் பேசுவதைவிடக் கடமை பற்றியும் சேவை பற்றியும் பேசுவதே தகும் என்றும் அவர் கருதினார். கோயிற் சொத்தைக் காக்கும் தர்மகர்த்தாவின் நிலை எத்தகையது என்பதைத் தமிழர் நன்கு அறிவர். திறப்பு அவர் இடுப்பிலே இருக்கும். உள்ளே இருப்பதில் ஒரு குன்றிமணியும் அவருடையதன்று. பின்னர் எழுந்த வழக்குகள் அனைத்தும், ஒரு வகையில், இந்த ஒரே கருத்துக்கு நேர்ந்த சோதனைகளே.

முதற் சோதனை பணத்தால் வந்தது. பெயர்ப் பதிவு 1995வரை இலவசமாக இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தைப் பெற்றிருந்த நெற்வேர்க் சொலூஷன்ஸ் என்னும் கொம்பனி, டொட் கொம் முதலான பெயர்களுக்கு ஆண்டொன்றுக்கு 50 டொலர் அறவிடத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் இருந்த பெயர்கள் இலட்சக்கணக்கிற் பெருகும் வேளை அது. பொது ஏடு ஒன்று திடீரென்று பொற்சுரங்கமாயிற்று. பெயர்களைக் கொடுக்கும் அதிகாரம் ஒரு கொம்பனியிடமே இருக்கலாமா, புதிய இறுதிப் பெயர்களைச் சேர்க்கும் உரிமை யாருடையது என்ற வாதங்கள் மூண்டன. வணிகச் சின்னங்களின் உரிமையாளர், பல்கலைக்கழகத்தார், அயல்நாட்டு அரசுகள் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் நின்றனர்.

அவ்வாதம் உச்சமடைந்த வேளையிலே விசித்திரமான ஒரு சம்பவம் நிகழ்ந்தது. 1998ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி, பொஸ்டல் மூல வழங்கிகளை நடத்துவோர் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் மூல ஏட்டின் பிரதியைத் தம் கணினியிலிருந்து பெற்றுக்கொள்ளுமாறு அவர் கேட்டார். அப்போது கொம்பனியின் தலைமை வழங்கியைப் பின்பற்றிய 12 வழங்கிகளில் 8 அவர் சொற்படி மாறின. எவ்விதச் சட்டமும் அவருக்கு அந்த அதிகாரத்தை எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அவர்மீது இருந்த மதிப்பு ஒன்றே போதுமானதாயிற்று. அமெரிக்க அரசு திடுக்கிட்டது. ஜனாதிபதி கிளின்ரனின் ஆலோசகரான ஐரா மகசினர் ஆட்சேபித்தார். அது ஒரு பரிசோதனையே என்று கூறிப் பொஸ்டல் சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்பச் செய்தார். பொதுமக்கள் எவருக்கும் யாதொரு தடங்கலும் நேரவில்லை. ஆயினும், உலகத்தின் ஏடு ஒரு மனிதரின் மின்னஞ்சலால் கைமாறக்கூடும் என்ற உண்மை அன்று வெளிப்பட்டது. அம்மனிதர் நேர்மையாளராக இருந்தது உலகின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தின்மேல் எத்தனை காலம் வீடு கட்டலாம்?

அவ்வாண்டிலேயே இதற்கு ஒரு தீர்வு காண முயன்றனர். 1998 செப்டெம்பர் 30ஆம் திகதி, ஐகான் என்னும் இலாப நோக்கற்ற தாபனம் கலிபோர்னியச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. பொறியியலாளர், வணிகர், பொது அமைப்புகள், சாதாரணப் பாவனையாளர் ஆகியோர் கூடி முடிவெடுக்க, அரசுகள் ஆலோசனை கூறும் வகையில் அது வகுக்கப்பட்டது. புதிய தாபனம் நடைபழகுமுன், அக்டோபர் 16ஆம் திகதி பொஸ்டல் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. ஒருவரின் நற்பெயரால் நடந்துவந்த காரியத்தை இனி விதிகளால் நடத்தவேண்டிய காலம் வந்தது.

எனினும் விதிகளுக்கு மேலே ஒரு கை இருந்தது. மூல ஏட்டில் ஓர் எழுத்தை மாற்றவும் அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டப்பட்டது. அத்திணைக்களம் அதனைத் துஷ்பிரயோகம் செய்யாதிருக்கலாம். ஆயினும் ஊர்ப் பொதுக் கிணற்றின் பூட்டு ஒரு வீட்டாரிடம் மட்டும் இருப்பதை ஏனையோர் எவ்வாறு சகிப்பர்? 2003இல் ஜெனீவாவிலும் 2005இல் தூனிசிலும் கூடிய ஐக்கிய நாடுகளின் உச்சி மாநாட்டில் இக்கேள்வி பலமாக எழுந்தது. அரசுகள் கூடிய சர்வதேச சபை ஒன்றிடம் அதிகாரத்தை ஒப்படைக்கவேண்டும் என்றன சில நாடுகள். அரசுகளிடம் சென்றால் பேச்சுச் சுதந்திரம் பறிபோகும் என்று அஞ்சினர் வேறு சிலர். இறுதியில் ஏற்பாடு மாறவில்லை. ஆண்டுதோறும் கூடிப் பேச ஒரு மன்றம் மட்டும் அமைந்தது. அதன் முதற் கூட்டம் 2006இல் ஏதன்ஸ் நகரில் நடைபெற்றது.

2014 மார்ச் 14ஆம் திகதி, தன் மேற்பார்வையைக் கைவிட ஆயத்தம் என்று அமெரிக்கா அறிவித்தது. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: வேறோர் அரசிடமோ அரசுகளின் கூட்டத்திடமோ அது செல்லலாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டினர் கூடி விவாதித்து ஒரு திட்டம் வரைந்தனர். தாபனத்தின் பணிப்பாளர் சபை நெறி தவறினால் அதனை விலக்கும் அதிகாரம் பங்கேற்போரின் சமூகத்துக்கு வழங்கப்பட்டது. கடைசி நாட்களில் அமெரிக்காவின் 4 மாநிலங்கள் இதனைத் தடுக்கக் கோரி டெக்சாஸ் நீதிமன்றம் சென்றன. 2016 செப்டெம்பர் 30ஆம் திகதி நீதிபதி தடை வழங்க மறுத்தார். மறுநாள் ஒப்பந்தம் காலாவதியாயிற்று. தன் கையிலிருந்த அதிகாரத்தை ஓர் அரசு தானாகவே விட்டுக்கொடுத்த அந்த ஒக்டோபர் முதலாந் திகதியன்று உலகில் எந்த இணையத்தளமும் இமைக்கவும் இல்லை.

இனி, ஏடு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதைச் சிறிது நோக்கலாம். மூல வழங்கிகளுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதல் 13 எழுத்துகளும் பெயராக வழங்குகின்றன. அவற்றை 12 தாபனங்கள் நடத்துகின்றன. அவற்றுள் பல்கலைக்கழகங்களும், நாசா விண்வெளித் தாபனத்தின் பிரிவொன்றும், சுவீடனிலும் ஜப்பானிலும் உள்ள அமைப்புகளும் உண்டு. 2002 ஒக்டோபர் 21ஆம் திகதி அந்த 13 வழங்கிகளின்மீதும் ஒரே வேளையில் தாக்குதல் நடந்தது. பொய்யான வினாக்கள் வெள்ளமாகப் பாய, அவற்றுட் பல ஏறக்குறைய ஒரு மணி நேரம் திணறின. அதன் பின்னர், ஒரே எழுத்துக்குரிய வழங்கியைப் பல நகரங்களில் நிறுவி, வினாவை அண்மையிலுள்ளதே ஏற்கும் முறை விரிவடைந்தது. இன்று உலகெங்கும் 1500க்கு மேற்பட்ட இடங்களில் அவை இயங்குகின்றன. ஒன்றை அடைத்தால் மற்றொன்று விடைசொல்லும்.

வழங்கி விழாதிருந்தாற் போதுமா? அது சொல்லும் விடை மெய்யானதென்று எவ்வாறு அறிவது? 2008இல் டான் கமின்ஸ்கி என்னும் ஆராய்ச்சியாளர், இடையிலுள்ள கணினிகளுக்குப் பொய் விடைகளை ஊட்டி, வங்கியைத் தேடுவோரைத் திருடனின் வாசலுக்கு அனுப்ப முடியும் என்று கண்டுபிடித்தார். அவர் அதனை விற்கவில்லை. மென்பொருள் தயாரிப்போரை இரகசியமாகக் கூட்டி, திருத்தம் ஆயத்தமான பின்னரே வெளியிட்டார். அந்த அபாயத்துக்கு நிலையான பரிகாரம், ஒவ்வொரு விடையிலும் இலத்திரனியற் கையொப்பம் இருத்தலே. 2010 ஜூலை 15ஆம் திகதி மூல ஏடு அவ்வாறு கையொப்பமிடப்பெற்றது.

அக்கையொப்பத்தின் திறவுகோல் ஒருவரிடமும் முழுமையாக இல்லை. வேர்ஜீனியாவில் ஒன்றும் கலிபோர்னியாவில் ஒன்றுமாக இரு காப்பகங்களில் அது இருக்கிறது. ஒவ்வொரு காப்பகத்துக்கும் பல நாடுகளிலிருந்து தெரிவான 7 பேர் சாட்சிகளாகவும் பெட்டிகளின் திறப்புக்காரராகவும் உளர். அவர்களுள் 3 பேராவது நேரில் வந்தாலன்றி வேலை நடவாது. இரண்டு இடமும் அழிந்துபோனால் மீட்பதற்கென வேறு 7 பேரிடம் பங்குகள் உண்டு. 2010இல் அப்பங்குகளைப் பெற்றோரிடையே டிரினிடாட், புர்க்கினா பாசோ, செக் நாடு, சீனா, கனடா ஆகியவற்றைச் சேர்ந்தோர் இருந்தனர். ஆண்டுக்கு 4 முறை நடைபெறும் இச்சடங்கின் ஒவ்வோர் அசைவும் ஒளிபரப்பப்படுகிறது, எவரும் பார்க்கலாம்.

2020 பெப்ரவரி 12ஆம் திகதி கலிபோர்னியாவில் நடக்கவேண்டிய சடங்கு நடைபெறவில்லை. காரணம், இரும்புப் பெட்டியின் பூட்டுப் பழுதாகித் திறக்க மறுத்தது! பூட்டுத் திருத்துபவரை அழைத்து, துளையிட்டுத் திறந்து, 16ஆம் திகதி சடங்கை நிறைவேற்றினர். உலகின் அதிநுட்பமான காவலும் முடிவில் ஓர் இரும்புப் பூட்டையும் ஒரு தொழிலாளியின் கைத்திறனையும் நம்பியிருப்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தாமதமும் அதன் காரணமும் மறைக்கப்படாமல் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. காவலின் பலம் பூட்டில் இருந்ததைவிட அந்த அறிவிப்பிலேயே அதிகம் இருந்தது.

பூட்டைவிடக் கடினமான சோதனைகளும் உண்டு. டொட் ஓர்க் என்பது தரும தாபனங்களும் சங்கங்களும் பெரிதும் நம்பியிருக்கும் பெயர். 2019 நவம்பரில், அப்பெயரைப் பொறுப்பாக வைத்திருந்த இலாப நோக்கற்ற அமைப்பை, ஈதோஸ் கப்பிற்றல் என்னும் முதலீட்டுக் கொம்பனிக்கு 113.5 கோடி டொலருக்கு விற்க ஏற்பாடாயிற்று. அப்போது 1 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் அதிற் பதிவாகியிருந்தன. இலாபம் தேடுவோர் கட்டணத்தை உயர்த்தினால் ஏழைத் தாபனங்கள் என் செய்யும் என்ற கூக்குரல் எழுந்தது. கலிபோர்னியாவின் சட்டமா அதிபரும் கடிதம் எழுதினார். 2020 ஏப்ரல் 30ஆம் திகதி ஐகான் அவ்விற்பனைக்கு அனுமதி மறுத்தது. தர்மகர்த்தா கோயிலை விற்க முயன்றபோது ஊரார் தடுத்தனர் என்று இதனைச் சுருக்கமாகக் கூறலாம்.

மற்றொரு சோதனை போரால் வந்தது. ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்த சில நாட்களில், 2022 பெப்ரவரி 28ஆம் திகதி, ரஷ்யாவின் இறுதிப் பெயர்களை மூல ஏட்டிலிருந்து நீக்குமாறு உக்ரேன் ஐகானை வேண்டியது. குண்டுகளுக்கு நடுவே நின்று கேட்போரின் வேண்டுகோளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் ஐகானின் தலைவர் கோரன் மார்பி, நடுநிலை தவறித் தண்டனை வழங்குவது தம் தாபனத்தின் பணியாகாது என்று மறுத்தார். இம்மறுப்பைக் குறைகூறுவோர் உளர். அவர்கள் சிந்திக்கவேண்டியது ஒன்று உண்டு. தோம்பிலிருந்து ஒரு நாட்டை இன்று நியாயமான கோபத்தால் அழிக்கக்கூடுமாயின், நாளை வேறொரு நாட்டை நியாயமற்ற கோபத்தால் அழிப்பதைத் தடுப்பது எங்ஙனம்? அன்றியும், பெயர் அழிந்தால் முதலில் இருளில் மூழ்குவோர் படைத் தளபதிகள் அல்லர். செய்தியறியத் துடிக்கும் அந்நாட்டுப் பொதுமக்களே.

மூல ஏடு நடுநிலையில் நிற்பதால் எல்லாம் நன்றாகிவிட்டது என்று எண்ணவும் கூடாது. ஏட்டிலே பெயர் இருந்தும், நாட்டின் எல்லைக்குள்ளே அதற்குச் செல்லும் வழியை அடைக்க ஒவ்வோர் அரசுக்கும் இயலும். இலங்கையில் 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டதை நேயர்கள் அறிவர். அவ்வித வேளைகளில் ஐகான் கேட்கவும் இயலாது, தடுக்கவும் இயலாது. உலகத் தோம்பின் காவல் ஒன்று. உள்ளூர்ப் பாதையின் காவல் வேறொன்று. பின்னதைக் காப்பது அந்தந்த நாட்டுச் சட்டமும் நீதிமன்றமும் குடிமக்களின் விழிப்புமே.

இத்தோம்பிலே தமிழுக்கு இடம் கிடைத்த வரலாறும் சொல்லத்தக்கது. நெடுங்காலம் அதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் ஓர் இணைப்புக் கோடும் மட்டுமே எழுதப்பட்டன. சீனரும் அரேபியரும் தமிழரும் தம் பெயரை அயல் எழுத்திலேயே எழுதவேண்டியிருந்தது. 2009 ஒக்டோபரில் சியோல் நகரில் கூடிய ஐகான், நாட்டுப் பெயர்களை அவ்வவ் நாட்டு எழுத்திலும் வழங்க இசைந்தது. 2010 மே மாதத்தில் அரபு எழுத்துப் பெயர்கள் முதலில் ஏறின. அவ்வாண்டிலேயே ‘இலங்கை’ என்ற தமிழ்ப் பெயரும், அதன் சிங்களப் பெயரும் பதிவாயின. ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ என்பனவும் தமிழெழுத்தில் 2011இல் இடம்பெற்றன. ஆர்பாநெற் தொடங்கி 40 ஆண்டுகள் சென்றபின் தமிழ் தன் எழுத்தோடு அவ்வாசலைக் கடந்தது.

அதற்கும் தனியான காவல் வேண்டும். ‘ஔ’ என்ற ஓரெழுத்தையும், ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்து நிற்கும் ‘ஒள’ என்பதையும் கண்ணாற் பிரித்தறிவது அரிது. கணினிக்கோ அவை வெவ்வேறு. ஒரு வங்கியின் பெயரைப் போன்ற மற்றொரு பெயரை ஒரு வஞ்சகன் பதிந்துவிட்டால், படிப்பவர் ஏமாறுவர். ஆகவே எந்த எழுத்து எதனோடு சேரலாம், எவை ஒன்றுபோற் கருதப்படவேண்டும் என்று மொழியறிந்தோர் கூடி விதிகள் வகுத்தனர். இலக்கணம் கற்றவர்க்கு இணையத்திலே வேலையில்லை என்று கூறுவோர்க்கு இது தக்க விடையாகும்.

வாசல் திறந்திருக்கிறது, நுழைவோர் இன்னும் சிலரே. தமிழ்ப் பெயரைத் தட்டினால் ஏற்க மறுக்கும் விண்ணப்பப் படிவங்களும், தமிழ் மின்னஞ்சல் விலாசத்தைப் பிழையென்று தள்ளும் மென்பொருள்களும் இன்றும் உள்ளன. அவற்றைத் திருத்தும்படி கேட்பார் இல்லாதவரை அவை திருந்தப் போவதில்லை. பாடசாலையும் கூட்டுறவுச் சங்கமும் நூல்நிலையமும் தத்தம் பெயரைத் தமிழிலே பதிந்து, அதனைப் பயன்படுத்தத் தொடங்கினால், அக்கேள்வி தானாகவே எழும்.

மேற்கூறிய வரலாற்றை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஏடு முதலில் ஒரு நிலையத்தின் உழைப்பாலும், பின்னர் ஒரு மனிதரின் நேர்மையாலும், அதன் பின்னர் ஓர் அரசின் மேற்பார்வையாலும் காக்கப்பட்டது. இன்று பலர் கூடிச் செய்யும், மெதுவாக நகரும், சில வேளை சலிப்பூட்டும் ஒரு நடைமுறையால் அது காக்கப்படுகிறது. அந்த மெதுவே அதன் அரண். பணம் விரைந்தபோதும் கோபம் விரைந்தபோதும் அது விரையவில்லை. ஆயினும் அரண் தானாக நிற்பதில்லை. திறப்பை வைத்திருப்போரின் கணக்கைக் கேட்கும் ஊரார் கோயிலுக்கு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் இணையத்துக்கு அதன் பாவனையாளர். ஐகானின் கூட்டங்கள் திறந்த வாசலோடு நடக்கின்றன. அங்கே சென்று பேச எவருக்கும் இடம் உண்டு. அந்த ஆசனங்களிலே தமிழறிந்தோர் சிலராவது தொடர்ந்து அமர்ந்திருப்பார்களாயின், தோம்பிலே தமிழ் பெற்ற இடம் எழுத்தளவில் நின்றுவிடாது பயனளவிலும் நிலைக்கும்.